சோபாத் துணியில் தைத்த குஞ்சலம்

நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு குஷன் கடையில் வேலை செய்கிறேன். பழைய சோபாவின் துணியைக் கிழித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றி, புதுத் துணி தைத்துப் போர்த்திக் கொடுப்பது எங்கள் தொழில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். மூன்று பேர் உட்காரும் சோபாவைத் தனி ஆளாக அரை நாளில் உரித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஏழு வயது மகளின் தலைமுடியை இரண்டாகப் பிரித்துப் பின்னத் தெரியாமல், சீப்பும் கையுமாக நின்றேன். தீபாவளிக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். முந்தின நாள் சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, குழந்தை பிறக்கும்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாது, கட்டிலிலேயே இருக்க வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். எவ்வளவு நாள் தாங்குகிறதோ அவ்வளவு நாளும் குழந்தைக்கு நல்லது என்றார்.

என் அம்மா உயிரோடு இல்லை. மாமியார் ஆயர் தாவார் என்ற ஊரில் இருக்கிறார். மாமாவுக்கு அந்த வருஷம்தான் ஒரு பக்கம் கை கால் விழுந்திருந்தது. அவரைத் தூக்கி உட்காரவைக்கவே ஆள் வேண்டும். “நான் வாரேன் தம்பி, எப்படியாச்சும் வாரேன்” என்று மாமியார் போனில் அழுதார். வராதீர்கள் என்று நான்தான் சொன்னேன். சோறு ஆக்குவேன், துணி துவைப்பேன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவேன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தலைமுடியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

மகளுக்கு இடுப்பைத் தொடும் முடி. பிறந்ததிலிருந்து மனைவி எண்ணெய் தேய்த்து வளர்த்தது. பள்ளிக்கு இரண்டு சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். நான் ரப்பர் தோட்டத்தில் நான்கு ஆண்பிள்ளைகளில் ஒருவனாக வளர்ந்தவன். எங்கள் தலைக்கெல்லாம் அப்பாவே மாதம் ஒருமுறை கத்தரி போட்டுவிடுவார். வீட்டில் ரிப்பன் என்ற பொருளே கிடையாது.

முதல் நாள், சாப்பாட்டுப் பொட்டலத்தில் வரும் ரப்பரை எடுத்து முடி முழுவதையும் ஒரே கொத்தாகக் கட்டி அனுப்பினேன். மத்தியானம் அதைக் கழற்றும்போது ஒரு கொத்து முடி ரப்பரோடு வந்தது. மகள் கத்தவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். இரண்டாம் நாள் சிக்கு எடுக்கவே அரைமணி நேரம் ஆகி, பள்ளி வேன் போய்விட்டது. மூன்றாம் நாள் அவளே சீப்பை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“அப்பா, வெட்டிரலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

சனிக்கிழமை காலை, எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே உள்ள கடை வரிசைக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே ஒரு சீன ஆண்ட்டி முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். அறுபது வயது இருக்கும். அவர் கடைக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. மகளை உயர நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்து, தோளோடு வெட்டிவிடுங்கள் என்று மலாயில் சொன்னேன். அவர் முடியைக் கையில் ஏந்தி எடை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“சாயாங் லா” என்றார். மலாயில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்று பொருள். வீணாகப் போகிறதே என்ற வருத்தத்தையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். “அம்மா எங்கே?”

சொன்னேன். ஆஸ்பத்திரி, ரத்தம், குழந்தை பிறக்கும்வரை கட்டில், எல்லாம். கத்தரியை எடுத்தவர் அதைத் திரும்ப டிராயரில் போட்டு மூடினார்.

“அம்மா திரும்பி வந்து பார்க்கும்போது இதுவும் இல்லாமப் போகணுமா? வா, இங்க வந்து நில்லு. நீ என்ன வேலை செய்றே?”

“சோபா தைக்கிறேன்.”

“சோபா தைக்கத் தெரியுது, சடை பின்னத் தெரியாதா?”

தலையில் சுருள் சுற்றிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஆண்ட்டி என் கையில் வால் சீப்பைக் கொடுத்து, தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து சிக்கு எடுக்கச் சொன்னார். நான் அதுவரை உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். சீப்பின் வாலால் நெற்றியிலிருந்து பிடரிவரை கோடு கிழிக்கக் காட்டினார். மூன்று பிரி எடுத்து, வலதை நடுவில் போட்டு, இடதை நடுவில் போட்டு, ஒவ்வொரு தடவையும் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் பின்னினேன். அவர் பார்த்துவிட்டு அவிழ்த்தார். மறுபடியும் பின்னினேன். மறுபடியும் அவிழ்த்தார். ஐந்தாவது தடவை அவிழ்க்கவில்லை. மகள் கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “பரவால்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்றாள். வால் சீப்பை ஆண்ட்டி எங்களிடமே கொடுத்தனுப்பினார்.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் சடை முடிந்ததும் மனைவிக்கு வீடியோ கால் போடுவோம். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் தாயும் மகளும் பார்த்துக்கொள்ள வேறு வழி இல்லை. மகள் போனுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மனைவி கட்டிலில் படுத்தபடி தீர்ப்புச் சொல்வாள்.

“வகிடு கோணலா போவுது பாருங்க. இடது சடை என்னங்க மீ கோரேங் மாதிரி இருக்கு?”

வறுத்த நூடுல்ஸைத்தான் இங்கே மீ கோரேங் என்போம். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்தால் வயிறு குலுங்கும் என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொள்வாள். அந்த ஐந்து வாரமும் அவளைச் சிரிக்கவைத்தது என் கோணல் வகிடுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. மகளின் இடது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், எள்ளளவு ஒரு மச்சம் இருக்கிறது. ஏழு வருஷம் தூக்கி வளர்த்தும் அதை நான் பார்த்ததில்லை. மனைவியிடம் சொன்னபோது, “இப்பத்தான் தெரியுமா?” என்றாள்.

தீபாவளி நெருங்கியது. பள்ளி விடுமுறை விடுவதற்கு முன் கடைசி நாள், பிள்ளைகள் எல்லோரும் தீபாவளி உடுப்பில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மகளுக்குப் பச்சையில் தங்கச் சரிகை போட்ட பாவாடை சட்டையை மனைவி முன்கூட்டியே தைத்து வைத்திருந்தாள். மிச்சத் துணியில் சடைக்கு இரண்டு பூக் கிளிப் செய்து தருவதாக வாக்கும் கொடுத்திருந்தாள். அதற்குள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிட்டது.

நான் கடைத்தெருவில் பளபளவென்று ஒரு ஜோடி கிளிப் வாங்கி வந்தேன். மகள் நன்றி சொல்லி வாங்கி, டிராயரில் வைத்தாள்.

“பிடிக்கலயா?”

“அழகாத்தான் இருக்கு. ஆனா பாவாடை கலர் இல்லப்பா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிச்சத் துணியைத் தேடி எடுத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, மனைவி சொல்லச் சொல்லச் செய்ய உட்கார்ந்தோம். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது அந்தத் துணி. முதலில் இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுங்கள் என்றாள். நான் என் கடைத் துணிகளுக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். துணி சுருண்டு பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். நடுவில் பெட்டியின் மூக்கு அளவுக்கு ஓட்டை.

போனில் மனைவி, “என்னாச்சு? ஏன் யாரும் பேசல?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் அந்தத் துணியை எடுத்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். “பரவால்லப்பா” என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் கடையில் சோபா உறைகளைத் தைப்பவர் ஒரு மலாய்க்காரப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைக் ‘காக்’ என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. திங்கட்கிழமை காலை, எரிந்த துணியை அவர் மெஷின்மேல் வைத்தேன். இதே கலரில் நம்மிடம் ஏதாவது இருக்குமா என்று கேட்பதுதான் என் எண்ணம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கருகிய ஓரத்தைக் கத்தரித்தார். கோணல் மாணலாக நான்கு சின்னத் துண்டுகள் மிஞ்சின.

“பூவுக்குப் பத்தாது. பட்டனுக்குப் பத்தும்” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சோபா முதுகில் குழி விழும்படி வைத்துத் தைப்போமே, துணி போர்த்திய பட்டன், அதை அடிக்கிற மெஷின் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் எப்போதும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் அடித்திருப்பேன். வட்டமாக ஒரு துண்டு வெட்டி, கீழே தகரக் கிண்ணத்தில் வைத்து, மேலே மூடியை வைத்து, கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் ஆயிற்று. அன்றைக்கும் இழுத்தேன். தங்கச் சரிகை சரியாக நடுவில் வந்து விழ, பச்சைப் பட்டன் ஒன்று உருண்டு வந்தது. பிறகு இன்னொன்று. நான்கு துண்டில் நான்கு பட்டன்.

அந்த ஐந்து வாரமும் மகள் பள்ளி முடிந்து வேனில் நேராகக் கடைக்குத்தான் வருவாள். எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, அதிகம் பேசாத சீனர். பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா என்று நான் தயங்கிக் கேட்டபோது, பழுதுக்கு வந்த ஒரு சாய்வு நாற்காலியைக் காற்றாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் பதில்.

அன்று மகள் வந்ததும் பட்டன்களை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலை மூடிக்கொண்டாள். பிறகு காக்கும் சேர்ந்து மூன்று பேரும் துண்டுத் துணி மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினோம். தீபாவளிக்கு முன் எங்கள் கடையில் வேலை அதிகம், மூட்டைகளும் அதிகம். மகள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவி, மெரூன் நிற வெல்வெட் துண்டு ஒன்றை இழுத்தாள். ஒரு கரோக்கே கடை சோபாவுக்குப் போட்டதன் மிச்சம் அது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

“இதுப்பா. பச்சைக்கு இதுதான்.”

“சடை நுனிக்கு?”

காக் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தங்க நிறத்தில் ஒரு கற்றை எடுத்து வந்தார். கல்யாண மேடை நாற்காலிகளுக்கு ஓரத்தில் வைத்துத் தைக்கிற நூல் தொங்கல். அதில் ஒரு விரற்கடை வெட்டிச் சுருட்டிக் கட்டினால் அசல் குஞ்சலம். அவருக்குக் குஞ்சலம் என்றால் என்னவென்று தெரியாது. போனில் படம் காட்டினேன். “ஓ, முடிக்குத் தொங்கட்டானா!” என்றார். மகளுக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துவிட்டது.

முதல் பூ படுதோல்வி. வெல்வெட்டை மடித்து, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து உப்பலாகத் தைத்தேன். தலையில் மாட்டியதும் அது சறுக்கிக்கொண்டே வந்து தோளில் தொங்கியது.

“அவ தலை என்ன நாற்காலியா? யாரு உட்காரப் போறாங்க?” என்றார் காக். ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். அடுத்தது, எங்கள் கடைப் பசையைத் தொட்டேன். காக் என் புறங்கையில் ஒரு தட்டு தட்டினார். அந்த வாசனைக்குப் பெரியவர்களுக்கே தலைவலி வரும், பிள்ளை தலையில் வைக்கலாமா? கையால்தான் தைக்க வேண்டும். தைத்தேன். பூ நின்றது, ஆனால் கிளிப்பின் தகரத்தில் ஆடியது.

எவ்வளவு நேரமாகத் தவுக்கே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. வேலை நேரத்தில் இது என்ன என்று கேட்கப் போகிறார் என நினைத்து எழுந்தேன். அவர் பூவை வாங்கி, இழுத்துப் பார்த்தார். “பலமில்ல” என்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, சோபா மூலைகளுக்குப் போடும் வளைந்த ஊசியை எடுத்து, தகரத்தையும் துணியையும் சேர்த்து எட்டுத் தையல் போட்டார். “சின்னப் பிள்ளைங்க இழுப்பாங்க. சோபாவை விடப் பலமா தைக்கணும்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பள்ளியின் கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை காலை மகளுக்கு இரண்டு சடை, நடுவில் மெரூன் பூக்கள், பூவின் நடுவே பாவாடைத் துணிப் பட்டன்கள், நுனியில் தங்கக் குஞ்சலம். வீடியோவில் மனைவி, “திரும்பு. இன்னொருக்கா திரும்பு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று வேனில் அனுப்பாமல் நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலில் பட்டும் ஜிகினாவுமாகப் பிள்ளைகள். ஒரு தாய் என் மகளை நிறுத்தி, “எங்க வாங்குனீங்கம்மா இது?” என்று கேட்டார்.

“வாங்கல. எங்கப்பா செஞ்சாரு. எங்கப்பா சோபா செய்றவரு.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் நான் அரண்மனைக்குச் சோபா செய்கிறவன் போல இருந்தது. குஞ்சலம் இரண்டும் முதுகில் ஆட அவள் உள்ளே ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. மறுபடியும் ரத்தம் போகிறது, இனிக் காத்திருக்க முடியாது, அறுவைச் சிகிச்சை, உடனே வாருங்கள்.

வழியில் காக்குக்குப் போனில் ஒரு வரி சொன்னேன். “போ. பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்” என்றார்.

அறுவைச் சிகிச்சை அறை வாசலில் இருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். என் சட்டை முழுக்க மெரூன் வெல்வெட்டின் தூசு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு மிஸ்ஸி, எங்கள் ஊரில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், வெளியே வந்தார். தமிழ்ப் பெண். “அண்ணே, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொம்பளப் புள்ள. ரொம்பச் சின்னது, பொட்டிக்குள்ள வச்சிருக்கோம். அழுதா பாருங்க, அந்தச் சத்தத்துக்கு நுரையீரல் நல்லாத்தான் இருக்கு” என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். “ஐயோ, என்னண்ணே” என்று அவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது, மகள் காக்கின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பட்டுப் பாவாடை அழுக்காகிவிடக் கூடாதென்று காக் ஒரு சோபா உறையை அவள் மடியில் விரித்திருந்தார். தங்கச்சி பிறந்திருக்கிறாள் என்றேன்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “முடி இருக்கா?”

“இருக்கு. கொஞ்சூண்டு.”

“அப்ப தீபாவளிக்கு அவளுக்கும் செய்யணும் லா.”

சோபாவுக்கு உள்பக்கம் போடும் பருத்தித் துணி பழகப் பழக மெத்தென்று ஆகிவிடும். அதில் ஒரு விரல் அகலத்தில் நாடா வெட்டி, காக் ஓரம் அடித்துக் கொடுக்க, மீதமிருந்த பச்சைப் பட்டனில் ஒன்றை மகளே அதில் வைத்துத் தைத்தாள். அவள் வாழ்க்கையில் தைத்த முதல் தையல். நூல் முடிச்சு பட்டனைவிடப் பெரிதாக இருந்தது.

அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழந்தை என் கை நீளம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களோடு படுத்திருந்தாள். அதே மிஸ்ஸிதான் இருந்தார். “உள்ள வைக்க முடியாதுண்ணே. கிருமி வந்துரும்” என்றார். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முகம் வாடியிருக்க வேண்டும். அவர் சற்று யோசித்துவிட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் நாடாவைப் போட்டு, பெட்டியின் வெளிப்பக்கம், குழந்தை முகம் திரும்பியிருக்கும் திசையில் டேப் போட்டு ஒட்டினார். “கண்ணு தொறந்தா இதுதான் தெரியும்னு அக்காகாரிகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். மகள் அடுத்த கேள்வி கேட்டாள். “அங்க வேற எத்தன பேபி இருக்கு?”

எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். மறுநாள் எண்ணிக்கொண்டு வரச் சொன்னாள். என் குழந்தையைச் சேர்த்து எட்டு. மற்ற ஏழு பேருக்கும் நாடா வேண்டும் என்றாள். தீபாவளிக்கு முந்தின நாள் கடை அரை நாள்தான். காக் வெட்டினார், மகள் நிறம் சொன்னாள், நான் பட்டன் அடித்தேன். பச்சைப் பாவாடைத் துணி தீர்ந்துவிட்டதால், மூட்டையில் கிடைத்ததிலெல்லாம் அடித்தோம்: நீலம், ரோஜா நிறம், புள்ளி போட்ட மஞ்சள். ஆண் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று எனக்குச் சந்தேகம். “தீபாவளி தானப்பா, எல்லாருக்கும் போடலாம்” என்று மகள் முடிவு செய்தாள்.

தீபாவளிக் காலையில் மகளைப் பாவாடை சட்டையில், சடையோடும் பூவோடும் குஞ்சலத்தோடும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மனைவியை வார்டிலிருந்து விட்டிருந்தார்கள். பால் கொடுப்பதற்காகத் தாய்மார்கள் தங்கும் அறையில் இருந்தாள். மிஸ்ஸி அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே வாசல் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு தாயும் மகளும் நேருக்கு நேர் பார்த்தது அங்கேதான். மகள் ஓடிப்போய், தையல் போட்ட வயிறு என்று நினைவு வந்து, நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டாள். மனைவி கையை நீட்டி அவள் சடையைப் பிடித்தாள். உச்சியிலிருந்து குஞ்சலம்வரை தடவினாள். பட்டனில் விரலை வைத்துப் பார்த்தாள். எரிந்துபோனது என்று நினைத்திருந்த துணி.

“வகிடு நேரா இருக்குங்க” என்றாள்.

பிளாஸ்டிக் பையில் போட்ட ஏழு நாடாக்களையும் மிஸ்ஸி மேலே எடுத்துப் போனார். பிறகு நான் போனபோது எல்லாப் பெட்டியிலும் ஒவ்வொன்று ஒட்டியிருந்தது. மலைப் பக்கமிருந்து வந்திருந்த, ஓராங் அஸ்லி என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு தாய், தன் குழந்தைக்கு வந்ததைப் பெட்டியில் ஒட்ட விடாமல் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய குழந்தைதான் அங்கே எல்லோரையும்விடச் சின்னது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். மூன்று வாரம் கழித்து நாங்கள் சின்னவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அவர் குழந்தை பெட்டியிலிருந்து வெளியே வந்து, அவர் நெஞ்சோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சிக்காக நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், யாருக்கு என்று தெரியாவிட்டாலும்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் சிவப்புத் துண்டுகளை மகள் தனியே எடுத்து வைப்பாள். தவுக்கேயின் பேத்திக்கு இரண்டு கொண்டைப் பூ. நோன்புப் பெருநாளுக்குக் காக் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பெருநாள் உடையான பாஜுவின் நிறத்தில் கிளிப். சீன ஆண்ட்டியின் கடைக்கு ஒரு டப்பா நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தோம், முடிவெட்டும்போது அழுகிற பிள்ளைகளுக்கு. தீபாவளிக்கு ஆயர் தாவார் போகும்போது, அங்கே செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் தோட்டத்துப் பள்ளியின் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பை. மாமா நடக்க முடியாவிட்டாலும் வலது கையால் குஞ்சலம் சுருட்டுவார்.

அந்த ஐந்து வாரம் எனக்கு மறுபடியும் வர வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வந்தபோது யார் யாரெல்லாம் கை கொடுத்தார்கள் என்று நினைத்தால் மனம் நிறைந்துவிடுகிறது. கத்தரியை டிராயரில் போட்டு மூடியவர், நாற்காலியை இழுத்துப் போட்டவர், மடியில் உறை விரித்தவர், டேப் போட்டு ஒட்டியவர். இவர்களில் ஒருவர்கூட எனக்கு உறவு இல்லை.

மனைவி வீட்டுக்கு வந்த பிறகும் சடை போடும் வேலையை என்னிடமிருந்து திருப்பிக் கேட்கவில்லை. முதலில் தையல் வலிக்கிறது என்றாள். தையல் ஆறி வெகுநாளான பிறகு, “நீங்க போட்டாத்தான் இழுக்கறதில்லையாம்” என்றாள். பெரியவளுக்கு இப்போது பத்து வயது. அவளாகவே பின்னத் தெரியும். ஆனாலும் பள்ளி நாட்களில் வால் சீப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பள்ளிக் கதையெல்லாம் வெளியே வரும்.

சின்னவளுக்கு மூன்று வயது. சுருட்டை முடி, எதை மாட்டினாலும் ஐந்து நிமிஷம் தங்காது. இந்தத் தீபாவளிக்கு அவளுக்கென்று நீல வெல்வெட்டில், தவுக்கே சொன்ன பலத்தில், ஒரு கிளிப் தைத்தேன். படம் எடுக்கும்வரை வைத்திருந்தாள். பலகாரத் தட்டோடு திரும்பி வந்து பார்த்தால் தலையில் இல்லை. வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில், பக்கத்து வீட்டுப் பூனை கழுத்துப் பட்டையில் நீலப் பூவோடு எங்கள் வாசலைக் கடந்து மாடிப்படியில் இறங்கிப் போனது. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியில் நிறுத்தவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சின்னவள் மட்டும் கோபமாக எங்களைப் பார்த்து, “மியாவுக்கும் தீபாவளி” என்றாள்.